துண்டுக்கடியில் அப்பாவின் கை

1995-ஆம் வருடம், தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை. பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அன்று மத்தியானம் நாலு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, லீவுக்கு வந்திருந்த நான், அப்பாவோடு சந்தைக்குப் போகும் தரகர் ஒருவர். அவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோவு என்றாலும் முதலில் கண்டுபிடிப்பது அவள்தான்.

அப்பா மாட்டுத் தரகர். அப்போதே வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. நான்தான் எங்கள் வீட்டில் முதலில் படித்தவன். பாலிடெக்னிக் முடித்துக் கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு தரகர்கள் கை கொடுத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். எதிராளியின் விரல்களில் எத்தனையைப் பிடிக்கிறோமோ அத்தனை ஆயிரம். சுற்றிலும் எவ்வளவு கூட்டம் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். சாட்சி கிடையாது, சீட்டு கிடையாது. பிடித்த விரலை இல்லையென்று சொன்னவருக்கு அடுத்த வாரம் கை கொடுக்க ஆள் இருக்காது.

அன்று காலை அப்பா அப்படிச் சொல்லிவிட்டார் என்றுதான் பாய் வந்திருந்தார்.

பக்கத்து ஊர் விவசாயி ஒருவரின் கறவை மாட்டை அப்பா விற்றுக்கொடுப்பதாக ஏற்பாடு. வாங்குகிற வியாபாரிக்காகப் பாய் கை கொடுத்திருக்கிறார். ஐந்து விரலைப் பிடித்தேன் என்கிறார் அப்பா. மூன்றுதான் பிடித்தார் என்கிறார் பாய். மாட்டை அவிழ்த்து டெம்போவில் ஏற்றிய பிறகு, பணம் எண்ணும்போதுதான் தகராறு தெரிந்திருக்கிறது. சந்தையே கூடிவிட்டதாம். பெரியவர் காலையிலேயே தண்ணி போட்டுவிட்டாரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாட்டுக்காரர் அந்த இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். மாடு யாருக்கு என்று முடிவாகாமல், டெம்போவோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

பாய் உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே பேசினார்.

"இத்தனை வருசம் உங்க கையப் புடிச்சிருக்கறனுங்கண்ணா. ஒரு நாளும் இப்படிப் பண்ணுனதில்லீங்களே. காசு வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாமுங்க."

அப்பா கட்டிலில் படுத்திருந்தார். எழுந்திருக்கவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது. சண்டைக்கு வந்தவரைக்கூட 'வாங்க' என்று சொல்லி உட்கார வைக்கிற மனிதர் அவர். பாய்க்கு அது திமிராகத்தான் பட்டிருக்க வேண்டும். முந்தின நாள் ஊருக்கு வந்ததிலிருந்தே நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். காபி டம்ளரை இரண்டு தரம் நழுவ விட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போனார். வயசாயிருச்சில்ல கண்ணு என்றார் அம்மா. நானும் அதை நம்பினேன்.

கடைசியில் அப்பா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"துண்டைப் போடுங்க பாய். இப்பப் புடிக்கறேன். அஞ்சா மூணான்னு நீங்களே சொல்லுங்க."

பாய் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டார். அம்மா சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். துண்டு லேசாக அசைந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

"புடிங்கண்ணா."

"புடிச்சிட்டுத்தான இருக்கறேன்."

"அஞ்சும் புடிங்க."

"அஞ்சையுந்தானுங்க பாய் புடிச்சிருக்கறேன்."

பாயின் முகத்திலிருந்த கோபம் போய் வேறு என்னவோ வந்தது. மெதுவாகத் துண்டை எடுத்தார். கை கொடுத்திருக்கும்போது நடுவில் துண்டை எடுப்பது தரகு வேலையில் யாரும் செய்யாத காரியம். அப்பாவின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் பாயின் மூன்று விரல்களை மட்டும் பிடித்திருந்தன. மற்ற இரண்டும் தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அப்பா குனிந்து பார்த்தார். இது ஏன் மடங்க மாட்டேங்குது என்று பாயைக் கேட்டார்.

அப்பா எழுந்து நிற்கப் பார்த்தார். வலது கால் எழவில்லை. நானும் பாயும் தாங்கிப் பிடிப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டார்.

அப்போதுதான் அம்மா நிலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ஆவணி மாதக் கடைசியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி அப்பா மல்லாக்க விழுந்திருக்கிறார். பின்மண்டை கல்லில் பட்டிருக்கிறது. இரத்தம் வரவில்லை. எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்ததாம். மஞ்சள் பத்துப் போட்டு, அது வெளியே தெரியாமல் உருமால் கட்டிக்கொண்டு அடுத்த சந்தைக்குப் போய்விட்டார். அவர் தலையில் உருமால் இல்லாமல் பார்த்தவர்கள் குறைவு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"பையன் வேலைய உட்டுப்போட்டு ஓடியாருவான், சொல்லாதேன்னு போட்டாரு கண்ணு. வீக்கமும் வத்திப்போச்சு. நானும் மறந்துபோட்டேன்."

பெருந்துறையில் நாங்கள் முதலில் காட்டிய டாக்டர், அப்பாவின் கையையும் காலையும் தூக்கிப் பார்த்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், வழியில் எங்கும் நிறுத்தாமல் கோயம்புத்தூர் போங்கள் என்றார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், பதில் வருகிறதா என்று பாருங்கள் என்றும் சொன்னார். வாடகைக் கார் தேட நேரமில்லை. புறப்படும்போதே மாட்டை இறக்கி எங்கள் வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்திருந்தோம். அது நின்ற வைக்கோலின்மேல் ஜமக்காளத்தை விரித்து, அம்மாவின் மடியில் தலையை வைத்து அப்பாவைப் படுக்க வைத்திருந்தோம். அப்படியே டெம்போ கோவையைப் பார்த்துத் திரும்பியது.

பாய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணா, ரெண்டு பல்லு மயிலைக் காளை. சுழி சுத்தமுங்க. என்ன வெலைக்கு முடிக்கலாம்?"

அப்பா கண்ணைத் திறக்காமலேயே, மாட்டைப் பாக்காம வெலை சொல்றவன் வேற ஆளுங்க பாய் என்றார். வார்த்தை குழறியது. ஆனாலும் அம்மா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். அடுத்து ஒரு எருமை, அப்புறம் ஒரு கிடாரி. ஒவ்வொரு பதிலும் முன்னதைவிடச் சின்னதாக வந்தது. அவிநாசி தாண்டியதும் பாய் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. மறுபடியும் கேட்டார். அப்பாவின் இடது கைக்குள் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். பிறகு டிரைவர் இருக்கும் பக்கத்துத் தகரத்தை ஓங்கித் தட்டினார். வண்டியின் வேகம் கூடியது. கோவை கவர்மெண்ட் பெரிய ஆஸ்பத்திரி வரும்வரை அம்மா அப்பாவின் மூக்குக்கு நேராகப் புறங்கையை வைத்தபடியே வந்தார்.

சமீபத்தில் கீழே விழுந்தாரா என்பதுதான் அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி. அன்று காலையில் என்னைக் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். வெளியே ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்து வந்தோம். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பழைய இரத்தம் கட்டியிருந்தது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்குமாம். அந்த இடைவெளியில் ஒரு சின்ன இரத்தக்குழாய் கிழிந்தாலும் இரத்தம் வாரக்கணக்கில் கசிந்து சேருமாம். விழுந்த அன்று ஒன்றும் தெரியாது, பிறகுதான் அழுத்தும் என்று விளக்கினார்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமை அன்றைக்கு எனக்கு வேண்டாமென்று இருந்தது.

மண்டையில் சின்னதாகத் துளை போட்டு இரத்தத்தை வெளியே எடுத்தார்கள். மறுநாள் காலையில் அப்பா கண் விழித்து, மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த மாட்டுக்கு யாராவது தண்ணி வெச்சீங்களா என்று கேட்டார். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் பாயிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை பாய் சந்தையில் நின்று, தான் கண்ணால் பார்த்ததை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் தண்ணி போட்டாரா என்று கேட்டவர், பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். மாடு ஐந்தாயிரத்துக்கே போனது. அப்பாவின் பேர் பிழைத்தது, உயிரும் பிழைத்தது. ஆனால் அந்த இரண்டு விரல்களும் பழையபடி மடங்கவே இல்லை. சந்தை வேலையை விட்டுவிட்டார். எத்தனையோ மாடுகளின் திமிறலை ஒற்றைக் கையால் அடக்கியவர், அதற்குப் பிறகு குளிக்கப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, ஈரத்தைக் கண்டால் நின்று யோசித்து அடி வைப்பார்.

எனக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. தெரிந்த பெரியவர் யாராவது வழுக்கி விழுந்து, ஒண்ணுமில்லீங்க என்று தட்டிக்கொண்டு எழுந்தால், விடமாட்டேன். அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்கிறேன். ஒரு மாதம் கழித்தும் தேடிப் போய், என் கையை நீட்டி ஐந்து விரலையும் பிடிக்கச் சொல்கிறேன். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஸ்கேன், மருந்து, போக்குவரத்து எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது பதினோராயிரத்துச் சொச்சமும் அப்பாவின் இரண்டு விரல்களும். என் வேலை கெடக் கூடாதென்று அவர் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்கு அது மிக அதிக விலை என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.