வெள்ளிக்கிழமை ஏறாத கார்

கிஸில்-பெல் கணவாயின் பாதி ஏற்றத்தில் கார் இழுக்க மாட்டேன் என்றது. ஒரோஸாலி ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பார்த்தார். எஞ்சின் இருமியதே தவிர வேகம் வரவில்லை. முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் வந்த நிலக்கரி லாரி ஹாரன் அடித்து, ஒதுங்கி, கண்ணாடிமேல் பனிச்சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது.

பக்கத்து இருக்கையில் அவர் மனைவி அனார்கான் கம்பளிச் சால்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கி, பூட்ஸின் ஜிப் பாதியிலேயே நின்றிருந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நாரின் நகர ஆஸ்பத்திரியில் இயந்திரம் அவள் இரத்தத்தைச் சுத்தம் செய்து கொடுத்தால்தான் அவள் இருப்பாள். தவறினால் நீர் நெஞ்சுக்கு ஏறும். இதை டாக்டர் சொல்லித்தான் ஒரோஸாலிக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. அட்-பாஷி வட்டாரம் முழுக்க ஆட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவர் அவர். சிறுநீரகம் கெட்ட உயிர் எப்படி அடங்கும் என்று பார்த்திருக்கிறார்.

"இறங்கித் தள்ளட்டுமா கிழவரே?" என்றாள் அனார்கான்.

"நீ தள்ளினா வண்டி பின்னாடியே உருண்டு சீனா எல்லையிலதான் போய் நிக்கும். பேசாம உக்காரு."

நடந்து போகிறவன் முந்திவிடும் வேகத்தில் ஊர்ந்து மேலேறி, இறக்கத்தில் விட்டுப் பிடித்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அனார்கானின் இயந்திரத்தில் அவளுக்காகக் காத்துக் காத்து வேறொருத்தியைப் படுக்கவைத்திருந்தார்கள். நர்ஸ் பொரிந்து தள்ளினாள்.

"வெள்ளிக்கிழமையானா உங்களுக்கு என்னம்மா ஆகுது? போன வாரமும் இதே கதை. இனிமே மிச்ச நேரத்துக்குத்தான் போட முடியும். பாதித் தண்ணி உள்ளயே நிக்கும். திங்கக்கிழமை வரைக்கும் நீங்கதான் சுமக்கணும்."

"சுமந்து பழக்கம்தான் மகளே," என்றாள் அனார்கான்.

அவளை அங்கே விட்டுவிட்டு ஒரோஸாலி மைராமின் பட்டறைக்குப் போனார். மைராம் அவருடைய மகன் எர்மெக்கின் பள்ளித் தோழன். ஆற்றங்கரையில் பழைய கன்டெய்னரை வெட்டிப் பட்டறை ஆக்கியிருந்தான். போன வெள்ளியன்றும் இந்தக் கோளாறுக்குக் கை வைத்தவன் அவன்தான்.

"திரும்பவுமா அத்தா?" என்று கேட்டுக்கொண்டே பானட்டைத் தூக்கினான். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயில் கை விட்டு, விரல் நீளச் சாமான் ஒன்றைக் கழற்றினான். உள்ளே போகும் காற்றை அளந்து சொல்கிற சென்சார். அதன் நுனியில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கம்பி. கம்பியின் மேல் பழுப்பாகப் படலம் கட்டியிருந்தது.

"போன வாரம்தானே கழுவி மாட்டினேன்! இந்த அளவுக்கு அழுக்கேற வருஷக்கணக்காகும். காரை ரோட்டுல ஓட்டுறீங்களா, அடுப்படிக்குள்ள ஓட்டுறீங்களா?"

"ரோட்டுலதான்டா. அழுக்கேறினா என்ன பண்ணும்?"

"பொய் சொல்லும். காத்து கம்மியா வருதுன்னு சொல்லும். எஞ்சின் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைச்சுடும். சமதரையில தெரியாது. மேட்டுல மாட்டிக்குவீங்க." மைராம் மறுநாள் உதிரிபாகம் வாங்கத் தலைநகர் பிஷ்கெக் போவதாக இருந்தான். "இப்போ என்கிட்ட ஸ்பிரிட் தீந்துபோச்சு. நான் திரும்பி வர நாளாகும். இனிமே நீங்களே வீட்டுல பாத்துக்குங்க. பேட்டரி வயரைக் கழட்டுங்க, பிளக்கை உருவுங்க, இந்த நட்சத்திரத் தலைத் திருகு ரெண்டையும் எடுத்தா கையோட வந்துடும். கம்பியை மட்டும் தொடாதீங்க. விரல் வேண்டாம், பஞ்சு வேண்டாம், வாயால ஊதவும் வேண்டாம். ஸ்பிரிட்டைத் தள்ளி நின்னு பீச்சணும். நல்லா காஞ்சப்புறம்தான் மாட்டணும்."

"காலம் பூரா ஊசி போட்டவன்கிட்ட பீச்சறதுக்குப் பாடம் எடுக்கறியா?"

"ஆடு உதைச்சா மறுபடி புடிச்சுக்கலாம் அத்தா. இது உதைக்காது. செத்துப்போயிடும்."

சனிக்கிழமை காலையில் ஒரோஸாலி சமையலறை ஜன்னலோர மேசையில் சுத்தமான துணியை விரித்தார். சென்சாரைப் பிளாஸ்டிக் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்குத் தடுப்பூசி போடுகிற சிரிஞ்சில் ஸ்பிரிட்டை ஏற்றி, கம்பியின்மேல் சொட்டுச் சொட்டாக விடாமல் மெல்லிய நூலாகப் பீச்சினார். கீழே வைத்த சாஸரில் பழுப்புநீர் இறங்கியது. நிறம் தெளியும்வரை பீச்சினார். பிறகு ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு, பிறந்த கன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்களன்று கார் இளம் குதிரை மாதிரி கணவாயில் ஏறியது. புதனும் ஏறியது. வெள்ளியன்று மறுபடி பாதியில் நின்றது. நர்ஸ் இம்முறை திட்டக்கூட இல்லை. அனார்கானின் கணுக்காலை விரலால் அழுத்தி, விழுந்த குழியைக் காட்டிவிட்டு அவரையே பார்த்தாள்.

ஒரு மாடு குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் வயிறு ஊதிக் கிடந்தால், முந்தின நாள் அது என்ன தின்றது என்றுதான் ஒரோஸாலி முதலில் கேட்பார். காரின் முந்தின நாள் வியாழன். வியாழக்கிழமைகளில் அவர் குதிரையேறி மேட்டுப் பட்டிகளுக்கு ஆடு பார்க்கப் போய்விடுவார். கார் கொட்டகையை விட்டு நகர்வதே இல்லை.

அது எர்மெக்கின் கார். மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போகுமுன் சாவியை அம்மாவின் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி வைம்மா, இல்லாட்டி பேட்டரி செத்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்குச் சோறு தண்ணீர்கூட வேண்டாம். எந்நேரமும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பான். கட்டடச் சாரம் சரிந்து விழுந்து செத்து, துத்தநாகச் சவப்பெட்டியில் திரும்பி வந்தான். பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று உடன் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அனார்கான் முகம் பார்க்கவில்லை. வருஷம் திரும்பி, குதிரை அறுத்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்டதும், இனி அழக்கூடாது, மகன் போகிற வழி ஈரமாகிவிடும் என்று பெரியவர்கள் அவளிடம் சொன்னார்கள். அவளும் அழுகையை நிறுத்தினாள். அந்தக் குளிர்காலத்தில்தான் சிறுநீரகம் கெட்டது தெரியவந்தது.

அடுத்த வியாழன் ஒரோஸாலி பட்டியிலிருந்து பாதி வேலையில் திரும்பினார். வெயில் இன்னும் மலைமேல் இருந்தது. குதிரையை வேலியில் கட்டும்போதே எஞ்சின் சத்தம் கேட்டது.

கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது. கார் பானட் தூக்கியிருந்தது. அதன் மூக்கை ஒட்டி முக்காலி போட்டு அனார்கான் உட்கார்ந்திருந்தாள். எதிரில் சிறிய அடுப்பு, அதன்மேல் வாணலி. மாவுத்துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். வியாழன் சாயங்காலம் இறந்தவர்களுக்கு எண்ணெய் வாசனை காட்டாத வீடு அந்த ஊரில் கிடையாது. ஆனால் எல்லோரும் அதை வீட்டு அடுப்பில் செய்வார்கள்.

அவரைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. உதட்டில் விரல் வைத்தாள். "சத்தம் போடாதீங்க. இங்க வந்து பாருங்க."

வாணலியிலிருந்து எழுந்த புகை நேரே மேலே போகவில்லை. பானட்டுக்கடியில் நுழைந்து, ஒரு விரல் தடிமனுக்குத் திரண்டு, வளைந்து, காற்றுக்குழாயின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிசிறுகூட வெளியே சிதறவில்லை.

"இழுக்கிறான்," என்றாள் அனார்கான். "வீட்டுல வச்சா புகை கூரையில போய் முட்டிக்கிட்டு நிக்கும். அவன் அங்க வர்றதே இல்ல. எங்க வருவான்? அந்த வீட்டுல அவன் என்னைக்கு இருந்தான்? இங்க பாருங்க, எப்படி இழுக்கிறான்னு. பசி."

அவள் முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு நிறம் இருந்தது. ஒரோஸாலி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசித் துண்டு பொரிந்து முடியும்வரை நின்றார்.

வெள்ளி விடியுமுன் அவள் தூங்கும்போது எழுந்து, சென்சாரைக் கழற்றிக் கழுவி, உலரவைத்து மாட்டினார். கார் ஏறியது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. நர்ஸ் அனார்கானிடம், "வீட்டுக்காரரை மாத்திட்டீங்களா, நேரத்துக்கு வர்றீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். இப்படியே போயிருக்கலாம். காலம் முழுக்க அந்தக் கம்பியைக் கழுவ அவர் தயாராகத்தான் இருந்தார்.

ஒரு வெள்ளி விடியற்காலை, அவர் சிரிஞ்சோடு மேசையில் குனிந்திருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அனார்கான் வந்து நின்று பார்த்தாள். சாஸரை எடுத்து மோந்தாள்.

"இது என் எண்ணெய்."

அவர் சிரிஞ்சைக் கீழே வைத்தார்.

"அப்போ வெள்ளிக்கிழமை வண்டி நின்னதெல்லாம் என்னாலதானா?"

"சின்னக் கோளாறுதான். கழுவினா சரியாப் போயிடுது."

"நான் அதைக் கேக்கல." அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்தப் புகை... அது அவன் இழுக்கலையா?"

ஊரில் யார் வீட்டு மாடு படுத்தாலும், பிழைக்காது என்றால் பிழைக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர் ஒரோஸாலி. அதனால்தான் அவரைக் கூப்பிட்டார்கள். வேறு மாதிரிப் பேச அவருக்கு வரவும் வராது.

"எஞ்சின் ஓடும்போது காத்தை இழுக்கும் கிழவி. புகை பக்கத்துல இருந்தா அதையும் இழுக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். சாஸரைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதன்பிறகு வியாழக்கிழமைகளில் அவள் மற்றவர்களைப்போல வீட்டு அடுப்பில் எண்ணெய் வைத்தாள். கார் எந்த வெள்ளியிலும் நிற்கவில்லை. ஆனால் அவள் போகவர வழியெல்லாம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அளந்து குடிக்கவேண்டிய டீயைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தாள். அவர் கெட்டிலை ஒளித்துவைத்தால், வாசல் பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு புதன்கிழமை, கோட்டையும் பூட்ஸையும் அவர் எடுத்துவைத்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்ற விஷயமா இது?"

"வண்டிதான் நல்லா ஓடுதே. நீங்க வேணா போயிட்டு வாங்க."

அவர் கெஞ்சினார். கத்தினார். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னார். அன்று முழுக்க, முன்பு மாட்டுக்கொட்டில்களில் கேட்டிருக்கிற அந்த நீர்கோத்த மூச்சைத் தன் வீட்டில் கேட்டார்.

வியாழனன்று அவர் பட்டிக்குப் போகவில்லை. மத்தியானம் மாவு பிசைந்தார். கை பழகாததால் மாவு இளகிவிட்டது. கொட்டகையைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் தூக்கிவைத்து, அடுப்பு மூட்டினார். ஆண்கள் செய்கிற வேலை இல்லை அது. வேலிக்கு அப்பால் யாரோ நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அனார்கான் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். கண் இரப்பை வீங்கி, முகமே வேறாக இருந்தது. புகை வளைந்து குழாய்க்குள் போவதைப் பார்த்தாள்.

"அது எஞ்சின்தான்," என்றாள். "நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு இது?"

ஒரோஸாலி வாணலியைப் பார்த்தபடி இருந்தார். "நான் ஒரு தரம்கூட அவனுக்கு எண்ணெய் வச்சதில்ல," என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பெட்டி வந்த அன்று, ஊர் வழக்கப்படி கம்பில் சாய்ந்து நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி ஓலமிட்டிருக்கிறார். அது ஊருக்காக. இப்போது சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அனார்கான் கொஞ்ச நேரம் கதவோரம் நின்றாள். பிறகு கிட்டே வந்தாள்.

"தீயைக் குறைங்க. எல்லாம் கருகுது. இதை அவன் திம்பானா?"

கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கி முக்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே மிச்ச மாவைப் பொரித்தாள். புகை குழாய்க்குள் போனது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

பொரித்து முடிந்ததும் அவர் எஞ்சினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி, திருகுகளை எடுத்தார். சமையலறை மேசைக்கு வந்து சிரிஞ்சில் ஸ்பிரிட் ஏற்றினார். கம்பியைத் தொடாமல் தள்ளிப் பிடித்துப் பீச்சினார். பழுப்புநீர் சாஸரில் இறங்கியது. எதிரே உட்கார்ந்து அனார்கான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைக்குள்ள காயுமா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "காயும்."

"அடுப்புப் பக்கத்துல வைங்க," என்றாள். "ரொம்பப் பக்கத்துல வேண்டாம்."