கலங்கரை விளக்கத்திலிருந்து வந்த கார்டு

பனியன் பிசிறு வெட்டும்போது பறக்கும் பஞ்சு மூக்கில் ஏறி நமைச்சலெடுக்க, நானும் அம்மாவும் மாறி மாறித் தும்முவோம். அறுபதுகளில் நல்லூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் 'கம்பெனி'. தைத்த பனியன்களில் தொங்கும் நூலை வெட்டி மடிப்பது அம்மாவின் வேலை. பள்ளி விட்டதும் நானும் கூட உட்காருவேன். அப்போதெல்லாம் அம்மா தன் ஊர்க் கடலைப் பற்றிப் பேசுவாள். தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கத்தில் விளக்கேற்றுபவர் அவளுடைய அப்பா, எங்கள் பேச்சில் 'அப்புச்சி'. பொழுது சாயும்போது அவர் படியேறி மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, அது சுழல்வதற்குச் சாவி கொடுப்பாராம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் திரும்புமாம். பாதிரியார் பேசி முடித்த கல்யாணத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்ட அம்மா, அதன்பின் ஒரே ஒரு முறைதான் பிறந்த வீடு போயிருந்தாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் கொடுத்த கார்டை வாசலிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'அய்யாவுக்கு மிகவும் முடியவில்லை. உன்னைக் கேட்கிறார். உடனே வா' என்று அப்புச்சியைப் பற்றி மாமா அம்மாவுக்கு எழுதியிருந்தார். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட இப்பச் சொல்ல வேண்டாங் கண்ணு. வெள்ளிக்கிழமை தீவாளி லோடு போயிறட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்."

மூன்று நாள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டினேன். அவள் அப்புச்சியைப் பற்றிப் பேசியபோதெல்லாம் குனிந்துகொண்டேன். சொல்லியிருக்கலாம். அப்பா என்னைப் பெரிய மனுஷியாக நம்பியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லோடு போனது. சாயங்காலம் சாவுத் தந்தி வந்தது. உடனே பஸ் ஏறியும் நாங்கள் போய் இறங்கும்போது அடக்கம் முடிந்திருந்தது. விளக்குக் கோபுரத்தடியில் அப்புச்சி குடியிருந்த வீட்டில், அடுத்து வருகிறவருக்காக மாமா சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"போன சனிக்கிழமையே கார்டு போட்டனே, கெடைக்கலியா?" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலைகுனிந்து நின்ற என்னைப் பார்த்தாள்.

"உங்க லோடு நல்லபடியாப் போயிட்டுல்லா?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டாள்.

போன வருடம் அங்கே போயிருந்தேன். விளக்கேற்ற இப்போது ஆள் கிடையாது, மின்சாரத்தில் தானாகவே எரிகிறது. அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். சாகும்வரை அந்தக் கார்டைப் பற்றி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.