வெடிக்கு அசையாத பிள்ளை

எங்கள் பக்கம் தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால், வாயருகே போன டீ கிளாஸ் அங்கேயே நிற்கும். அடுத்த சத்தம் ஆற அமர, இடைவெளி விட்டு வந்தால், ஏதோ பட்டாசுக் கம்பெனியில் புதுச் சரக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். கிளாஸ் உதட்டுக்குப் போய்விடும். சத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அது வேறு, விபத்து. தாயில்பட்டியில் எங்கள் தெரு முழுக்க வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்க்கும்.

என் மனைவி வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிறாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் கூப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. புகையின் திசை தெரியும்வரை நான் நடப்பேன். நாலு எட்டில் முடிந்துபோகிற வீட்டுக்குள் நடப்பேன், வாசலுக்கும் அடுப்படிக்குமாக, அடுப்படிக்கும் வாசலுக்குமாக.

இந்த நடைக்கு நடுவே மகள் தரையில் குப்புறப் படுத்து மயில் வரைந்துகொண்டிருப்பாள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள்களுக்குப் புரூஃப் பார்ப்பது என் வேலை. கழித்துப் போட்ட தாள்களை அவளுக்காகக் கொண்டுவருவேன். ஒரு பக்கம் ராக்கெட், மறுபக்கம் அவள் மயில். சத்தத்துக்கு ஊரே எழுந்து நிற்கும், அவள் பென்சில் நிற்காது. வெடிக்கே அசையாதவள் என்று தெருவில் அவளுக்கு ஒரு பெயர். எனக்கு அதில் பெருமை. பயந்தே செத்துக்கொண்டிருக்கிற எனக்கு இப்படி ஒன்று பிறந்திருக்கிறதே என்று ஒரு கவிதைகூட எழுதினேன், அதை நாலு பேரிடம் வாசித்தும் காட்டினேன். இப்போது அந்த நோட்டைத் திறப்பதில்லை.

அங்கன்வாடியில் இருந்தபோது ஒரு நர்ஸம்மா படிவத்தோடு வந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுப் போனார். சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறதா என்று அவர் முடிக்குமுன்னே நான் முந்திக்கொண்டேன்.

"நம்ம ஊர்ப் புள்ளைம்மா. வெடிக்கே அசையமாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், கூப்பிட்டால் திரும்புவாளா என்று கேட்டார். கூப்பிட்டுக் காட்டினேன். திரும்பினாள். படிவத்தில் ஒரு டிக் விழுந்தது. எனக்கு உட்கார்ந்தாலும் கால் ஆடும், நின்றாலும் ஆடும். கூப்பிடும்போதெல்லாம் நான் காலால் தரையை ஓங்கித் தட்டியே கூப்பிடுகிறேன் என்பது அன்றைக்கு எனக்கே தெரியாது.

இரண்டாம் வகுப்பில் டீச்சர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் வகுப்பிலேயே இவள் கையெழுத்துதான் அழகு. சொல்வதை எழுதச் சொன்னால் ஒரு வரி தேறாது, பக்கத்துப் பிள்ளை நோட்டை எட்டிப் பார்க்கிறாள். மருத்துவக் குழு பள்ளிக்கு வரப்போகிறது, கற்பதில் சிரமப்படுகிற பிள்ளைகள் பட்டியலில் இவள் பெயரையும் சேர்த்திருக்கிறேன் என்றார். கோபத்தில் நான் என்னென்னவோ பேசினேன். அவர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டில் இருக்கிற மதினி, என் மனைவியின் அக்கா, ஏற்கெனவே விஷயத்தை அறிந்து வைத்திருந்தாள். லிஸ்ட்டில் ஏறிவிட்டால் அவ்வளவுதான், மக்கு என்று முத்திரை குத்திவிடுவார்கள், அப்பன் மட்டும் என்ன பெரிய கெட்டிக்காரரா, ஊரான் பட்டாசுக்கு எழுத்துப் பிழை பார்க்கிறவர்தானே என்றாள். மனைவி கை கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் வெடிமருந்தின் வெள்ளிச் சாம்பல் எவ்வளவு கழுவினாலும் போகாது.

"அவ படிச்சாத்தாங்க இங்கனருந்து வெளிய போவா" என்றாள் கடைசியில். "இல்லேன்னா என் பக்கத்துல ஒக்காந்து திரி வைக்கணும். அதுக்கா பெத்தோம்?"

மறுநாளிலிருந்து, மருத்துவ முகாம் வரும்வரை, சாயங்காலங்களில் மகளை எதிரே உட்காரவைத்துச் சொற்களாகச் சொன்னேன். பழம். மரம். பட்டம். குடம். முகத்துக்கு நேரே, வாயை நன்றாகத் திறந்து, திருத்தமாக. பத்துக்குப் பத்து எழுதினாள். டீச்சர் முகத்தை எப்படிப் பார்க்கவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

முகாம் அன்று அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். எடை, உயரம், பல், கண் எல்லாம் தாண்டி வந்தாள். கடைசி மேசையில் ஒரு டாக்டரம்மா. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன், நின்றிருந்தேன் என்பது பொய், அந்த ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து சொன்ன மூன்று சொற்களையும் மகள் சரியாக எழுதினாள். பிறகு அவர் ஒரு அட்டையை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டார். குரலை மாற்றவில்லை. ஜன்னலில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. மரம் என்றார்.

பென்சில் நின்றது.

எந்த வெடிக்கும் நிற்காத பென்சில். மகள் அட்டையைப் பார்த்தாள், பிறகு சுற்றிலும் தேடி என்னைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். மரம். உடனே குனிந்து எழுதினாள். அவர் அடுத்த சொல்லைச் சொன்னார். மறுபடி என்னைப் பார்த்தாள், மறுபடி அசைத்தேன். டாக்டரம்மா அவள் கண் போன வழியே திரும்பி என்னைப் பிடித்துவிட்டார். திருட்டு முழி முழித்தேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எழுந்து ஜன்னலருகே வந்தார்.

"நீங்க சத்தமே போடலையே. அப்ப உங்க மக எப்படி எழுதுனா?"

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கால் ஆடவில்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்குள் ஏழு வருடமும் பின்னால் ஓடின. அவள் ஏன் எப்போதும் என் முகத்துக்கு எதிரேயே வந்து உட்காருவாள், ஏன் இருட்டில் பேசினால் பதில் வராது, நான் முதுகு திருப்பினால் ஏன் சட்டையைப் பிடித்து இழுப்பாள். பாசம் என்று நினைத்திருந்தேன்.

விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். வண்டி வண்டியாக மிளகாய் வத்தல் மூடை போகிற சாலையில் தும்மிக்கொண்டே மூவரும் நடந்தோம். அங்கே சத்தம் புகாத ஒரு சின்ன அறை, நடுவில் கண்ணாடி. மகளுக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பாசிமணியை டப்பாவில் போடச் சொல்லியிருந்தார்கள். மனைவியும் நானும் வெளியே. உள்ளே என்ன ஒலிக்கிறது, எப்போது ஒலிக்கிறது, எங்களுக்குத் தெரியாது. மணி விழுந்தால் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்று விழுந்தது. இன்னொன்று. பிறகு நெடுநேரம் அவள் மணியைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் உதடு துடித்தது. மனைவி என் வாயைத் தன் கையால் பொத்தினாள். வெடிமருந்து வாசனை அடித்தது.

சோதித்த பெண் தாளில் காதுக்கு ஒன்றாகச் சரிந்து இறங்கும் இரண்டு கோடுகளைக் காட்டினார். வெடி, லாரி, இடி எல்லாம் மங்கலாகக் கேட்கும், அதிரும். பேச்சில் இருக்கிற பொடிச் சத்தம்தான் காதில் ஏறவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லை என்றார். உதட்டைப் பார்த்தே இவ்வளவு படித்திருக்கிறாளே என்று ஆச்சரியப்பட்டார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், பஸ்ஸில், சாத்தூர் தாண்டும்வரை.

காது மெஷின் வந்த ஐந்தாம் நாள். தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம், மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு வெடி. ஆற அமர, இடைவெளி விட்டு, இன்னொன்று. போட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

மயிலின் கழுத்திலிருந்து பென்சில் தாளின் விளிம்புவரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. மகள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்படி ஒரு அழுகையை அவளிடம் நான் பார்த்ததேயில்லை. அழுகைச் சத்தம் கேட்டு மதினி எட்டிப் பார்த்தாள்.

"யப்பா" என்றாள் விக்கலுக்கு நடுவே. "இதுக்குள்ளயா அம்மா வேலைக்குப் போகுது?"

நான் அவள் முகத்துக்கு நேரே குனிந்தேன், பழக்கம். வாயைத் திறந்தேன். மனைவி கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தாள்.