சன்ரூமில் நகோயா

“ஜப்பான் கோடை இல்லாமல் என் பேனா ஒரு சொட்டு மைகூடச் சிந்தாது.”

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2012 தீபாவளிக் கூட்டத்தில், மைக்கை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு மோகனதாஸ் இப்படி அறிவித்தார். நன்றியுரை சொல்லத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மோகனதாஸ் மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்தவர். ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு மேற்பார்வையாளர். இளவயதில் மூன்று வருடம் ஜப்பானின் நகோயாவில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே விடுதி அறையில், சட்டை முதுகில் ஒட்ட, ஜன்னலில் காற்றுமணி கிணுகிணுக்க, வெளியே சில்வண்டுகள் கத்தித் தீர்க்க, ஒரே கோடையில் பதினொரு புத்தகம் வாசித்தாராம். பன்னிரண்டாவதைத் தானே எழுதத் தொடங்கினாராம். வருடம் முழுக்க வியர்க்கும் ஊரில் பிறந்தவருக்குப் புழுக்கத்தின் மேல் என்ன ஏக்கம் என்று கேட்கலாம். ஈப்போப் புழுக்கம் இலவசம். நகோயாப் புழுக்கத்துக்கு விசா எடுக்க வேண்டும்.

அந்த நாவல் இருபத்தைந்து வருடமாக ஒரே வரியில் நின்றது: ‘கோடை வந்தது.’

நியூசிலாந்தில் ஜனவரிதான் கோடை. 2015 ஜனவரியில், மாசி என்ற புறநகரின் நூலகம் நடத்திய கோடை வாசிப்புக்குப் பெயர் கொடுத்தார். எட்டுப் புத்தகம் வாசிக்க வேண்டும். மாதக் கடைசியில் சொந்தமாக எழுதிய இரண்டு பக்கத்தை, எந்த மொழியிலானாலும், சபையில் படிக்க வேண்டும். எட்டும் பத்தே நாளில் முடிந்தன. இரண்டு பக்கம்தான் வரவில்லை. இந்த முறையும் வராவிட்டால் எழுத்தாளர் என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று மனைவி வேதவள்ளி சொல்ல, அவரும் தலையாட்டியிருந்தார்.

குற்றம் ஆக்லாந்துடையது என்று கண்டுபிடித்தார். வெயில் அடித்தால் கூடவே காற்றும் அடிக்கிறது. சட்டை எப்படி ஒட்டும்? ஆகவே வாடகை வீட்டில் வெயில் காயக் கண்ணாடி ஜன்னல் வைத்த சன்ரூமை நகோயாவாக்கினார். ஜன்னல்களைச் சாத்தி, மூங்கில் தட்டி கட்டி, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, இரண்டு கெட்டில்களை மூடி திறந்தபடி கொதிக்கவிட்டார். காற்றுமணிக்குக் காற்றில்லாததால் அவ்வப்போது விரலால் தட்டினார். மூன்றாம் நாள் சட்டை ஒட்டியது. தாளும் மேசையோடு ஒட்டியது.

அன்று பார்த்து வீட்டைப் பரிசோதிக்க ஏஜென்ட் அம்மாள் வந்தார். வருவதாக அவர் அனுப்பிய ஈமெயில் வந்தபோது மோகனதாஸ் ஜப்பானில் இருந்தார். சுவரெல்லாம் நீர் வழிய, நடுவே பனியனோடு ஒருவர் பேனா பிடித்து உட்கார்ந்திருந்தார். நியூசிலாந்தில் வாடகை வீட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும் ஈரத்தை வரவழைப்பதைவிட யானை வளர்க்க அனுமதி வாங்குவது எளிது. ஏஜென்ட் ஹீட்டரை அணைத்தார், ஜன்னல்களைத் தானே திறந்தார், கோடையில் ஹீட்டர் எதற்கு என்று எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டுப் போனார்.

“என்னாங்க, காலி பண்ணச் சொன்னா உங்க நகோயாவுலயா போய்த் தங்கறது?” என்றார் வேதவள்ளி. “இப்பவே உக்காந்து எழுதுங்க.”

சன்ரூம் காய வேண்டும். கார் நிற்கும் கூரைக்கடியில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஏன் புழுக்கம் வேண்டியிருந்தது என்று எழுதினார். இங்கே அது ஏன் கிடைக்கவில்லை என்று எழுதினார். அப்படியானால் இங்கே என்னதான் கிடைக்கிறது என்று சொல்லாமல் விளக்கம் முழுமையாகுமா? பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்காலோடு புல் வெட்டினார். பொஹுட்டுகாவா மரம் காரின் மேல் சிவப்புப் பூவாகக் கொட்டியது. வேலியில் சில்வண்டுகள் கத்தின. இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருடம். அத்தனை வருடமும் அவை கத்தியிருக்க வேண்டும்.

ஏழு பக்கம் ஆனது. ஆங்கிலத்தில் மாற்றித் தர உட்கார்ந்த மகள் விஷாலினிக்கு முழுவதையும் படித்துக் காட்டினார். ஏஜென்ட்டுக்கு மூன்று வரி போதும், மிச்சம் நூலகத்துக்கு என்று ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னாள் மகள். மூன்று வரிக்கு ஓர் எச்சரிக்கையோடு மன்னிப்புக் கிடைத்தது.

நூலகத்தில் நாற்பது பேர். இரண்டு பக்கத்துக்குப் பதில் ஏழு படித்தார்; யாரும் தடுக்கவில்லை. கெட்டில் கட்டத்தில் தமிழ் தெரியாதவர்கள்கூட அவர் கையசைப்பைப் பார்த்தே சிரித்தார்கள். சில்வண்டு வந்தபோது வேதவள்ளி கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

அந்தத் தீபாவளிக் கூட்டத்திலிருந்து பார்க்குமிடமெல்லாம் நாவலை விசாரித்துவந்த யாழ்ப்பாணத்து நண்பர் இரத்தினசிங்கம் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறீர் ஐசே. ஜப்பான் எங்க?”

மோகனதாஸ் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். “இன்னும் வரல லா,” என்றார்.

ஜூன் மாதம், நடுக் குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. பென்ரோஸில் சாப்பாட்டு இடைவேளை, வெளியே அடைமழை. கம்பளித் தொப்பியோடு மரப்பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து, சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். யாரிடமும் அறிவிக்கவில்லை. நாலாவது சீட்டில் பேனா மை தீர்ந்தது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓட்டுநரிடம் ஒரு பேனா இரவல் வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.