விராலுக்குக் காவல் இருந்த கதை

மீனுக்கு எல்லை கிடையாது என்று மீட்டிங்கில் பேசிவிட்டுப் போய்விடலாம். அந்த மீனைப் பிடிக்கிறவர்களுக்கு நடுவில் நிற்கிறதுதான் எங்கள் மீன்வளத் துறை உத்தியோகம். இரண்டு சம்பந்தி வீட்டுக்கு இடையில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கடலூர்ப் பக்கம் ஓர் ஏரி. இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை புதுச்சேரி. ஏரி முழுக்க ஜிலேபி மீன் பெருகிப்போய், நாட்டு விரால் காணாமலே போயிருந்தது. சினை விரால் விட்டு, அது குஞ்சு பொரிக்கும்வரை இரண்டு கரையிலும் வலை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கரையில் விழுந்தாலும் திட்டம் காலி. அதற்கு மேற்பார்வை, சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற அடியேன்.

மீன் விட்ட அன்றைக்கு

எங்கள் கரை மீனவர் சங்கத் தலைவர் ராமலிங்கம். அந்தக் கரைக்கு ஆரோக்கியசாமி. மீனை எந்தக் கரையில் விடுவது என்பதிலேயே பஞ்சாயத்து. இருவரும் டிரம்மை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பாதித் தண்ணீர் என் பேண்ட்டில். கடைசியில் பாதி மீன் இங்கே, பாதி அங்கே என்று விட்டோம்.

ராமலிங்கம் அப்புறமும் விடவில்லை. நடு ஏரியில் வலை கட்டி மறிக்கச் சொன்னார். மீன் சுற்றித் திரிந்தால்தான் ஜோடி சேரும் என்று தொண்டை வறளச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "சரி சார், சுத்தட்டும். ஆனா முட்டைய இங்க வந்துதான் போடும்னு நீங்க எழுதிக் குடுத்துடுங்க."

காவல் மாற்றம்

அவரவர் கரைக்கு அவரவர் காவல் என்று வைத்தால், தூண்டில் போடுகிறவன் எல்லாம் சொந்தக்காரனாக இருந்தான். கண்டும் காணாமல் விட்டார்கள். அதனால் ராமலிங்கத்தின் ஆட்களைப் புதுச்சேரிக் கரைக்கும், ஆரோக்கியசாமியின் ஆட்களை எங்கள் கரைக்கும் மாற்றினேன். அடேயப்பா, அப்படியொரு கெடுபிடி! மாடு குளிப்பாட்டக்கூட விடவில்லை.

மறுநாளே ராமலிங்கம் ஒரு பெரியவரின் தூண்டிலைப் பிடுங்கி முறித்துவிட்டார். பெரியவர் வேறு யாருமில்லை, அவருக்குப் பெண் கொடுத்தவர். அன்றைக்கு வீட்டில் சோறு கிடைக்கவில்லையாம். சொந்த மாமனாரிடமா இப்படி என்று கேட்டேன். "மாமனாரா இருந்தா இன்னா சார்? அவுரு பாண்டிச்சேரி ஆளுதானே!"

ஆடிக் கூழ்

ஆடியில் எங்கள் கரை அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, இந்த ஏரி விராலைப் பிடித்துக் குழம்பு வைத்துப் படைப்பது வழக்கம். சாமி காரியம், விட முடியாது என்றார் ராமலிங்கம். உங்கள் கரையில் ஒரு வலை விழுந்தால் எங்கள் ஆட்களும் வலையோடு இறங்குவார்கள் என்றார் ஆரோக்கியசாமி.

பேசிப் பேசி, இருவரும் ஒரே படகில் போய் ஒரு விராலைப் பிடித்து வந்தார்கள். போகும்போது முறைத்துக்கொண்டவர்கள், கரையேறும்போது மச்சான் மச்சான் என்றார்கள். மீனை அண்டாத் தண்ணீரில் உயிரோடு அம்மனுக்குக் காட்டி, சூடம் ஏற்றி, திரும்ப ஏரியிலேயே விட்டாயிற்று. அதுவரை ஆரோக்கியசாமி அண்டாவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குழம்புக்குக் கருவாடு. சாமி குத்தம் ஆகிவிடாதா என்று கூழ் ஊற்றிய அம்மாவிடம் பயந்துபோய்க் கேட்டேன். "ஆத்தா கண்ணால பாத்தா போதும் சார். எப்பவும் சாப்புடுறது நாங்கதானே!"

மேலதிகாரி வந்த நாள்

மீன்பிடித் தடை முடிகிற அன்று விழா. மேலதிகாரி கையில் பெரிய விராலைக் கொடுத்து போட்டோ எடுக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. காலையில் போனால் இரண்டு தலைவர்களும் வலையில்லாமல் நிற்கிறார்கள். ஆரோக்கியசாமி கோரைப்புல் ஓரமாகக் கையைக் காட்டினார். செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம்! அடியில் தாயும் தகப்பனும் காவல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இருந்தாலும் உத்தியோகம் ஆயிற்றே. போட்டோவுக்காவது ஒன்று பிடிக்கலாம் என்று கெஞ்சினேன். இருவரும் சேர்ந்து வழிமறித்தார்கள். ராமலிங்கம் என் தோளில் கை போட்டார். "குஞ்சோட நிக்குது, பாவம் சார். கடலூர் மார்க்கெட்டுல ஒண்ணு வாங்கி அவுரு கையில குடுங்க. போட்டோவுல எந்த ஏரி மீனுன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்றால் இரண்டு கரையும் ஒன்றுசேர்ந்து நம்மை வெளியே தள்ளுவதுதான் என்று சந்தோஷமாகப் புரிந்துகொண்டு, மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.