முள் இல்லாத வாட்ச்

வாட்ச் கடையில் நிற்பவர்களைப் பார்த்து ஊரார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "போன்லயே மணி தெரியுதே, இது எதுக்கு?" செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் பல வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு இன்னும் இதற்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. புடவைக் கடை, செருப்புக் கடை, பாத்திரக் கடை என்று நீங்கள் எங்கே நின்றாலும் உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். கால் வலியும் இருக்கும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மூடி போட்ட முகம்

சென்னையிலிருந்து வரும் ஏஜென்ட் ஒரு நாள் இரண்டு வாட்ச்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆட்டோமேட்டிக். பேட்டரி கிடையாது. கை அசைய அசைய உள்ளே ஒரு எடை சுற்றி, தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும். இந்த வகையின் விலையைச் சொன்னால் எங்கள் வாடிக்கையாளர்கள் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இது அப்படியில்லை, மாப்பிள்ளைக்கு எடுக்கும் நடுத்தர வாட்ச்சின் விலைதான். உருவம்தான் விசித்திரம். முள்ளே இல்லை. முகம் முழுவதையும் எவர்சில்வர் தகடு மூடியிருந்தது. மேல்பக்கம் நகம் அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். உள்ளே இரண்டு தட்டுகள் சுழல, மணியும் நிமிடமும் எண்களாக அந்த ஜன்னலில் வந்து நிற்கும். சாவி திருகுகூட இடது பக்கத்தில் இருந்தது.

முதலாளிக்கு ஆசையும் பயமும் ஒன்றாக வந்தன. முன்பு ஒருமுறை இப்படித்தான் ஒரு புது டிசைனை நம்பிப் பெட்டி பெட்டியாக இறக்கினார். அது விற்காமல் கிடந்த வருடம் எங்கள் ஐந்து பேருக்கும் தீபாவளி போனஸ் பாதியாகிவிட்டது. "சுமதி, நீ ஒரு மாசம் கட்டிப் பாரு. தெரிஞ்ச நாலு பேருக்கும் குடுத்துப் பாரு. சரின்னா கல்யாண சீசனுக்கு எறக்கலாம், இல்லன்னா திருப்பிடலாம்" என்றார். ஐந்து பேர் போனஸும் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்மார்ட் வாட்ச் பக்கம் நிற்கும் தேவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாக்கா, ஆட்டோ மீட்டர் மாதிரி கீது? ஆனா இது ஓடுதே!"

ஜன்னலோர சீட்

எனக்கு வீடு கூடுவாஞ்சேரியில். தினமும் லோக்கல் ரயிலில்தான் போய் வருகிறேன். முதல் வாரம் நானே கட்டிக்கொண்டேன். கனம் உறுத்தவில்லை. ஒரு நாளைக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டது, இந்த விலை ஆட்டோமேட்டிக்கில் அது சகஜம். அப்புறம் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். வாட்ச் பீரோமேல் கிடந்தது. மூன்றாம் நாள் காலை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஜன்னலில் மணியைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறதே என்று நிதானமாக இட்லி சாப்பிட்டேன். அது முந்தின நாளே நின்றுபோன மணி. முள் வாட்ச்சாக இருந்தால் நொடி முள் அசையவில்லை என்று உடனே தெரிந்திருக்கும். இதில் நின்றாலும் ஓடினாலும் ஒரே முகம்தான். வழக்கமான ரயிலை விட்டுவிட்டு, மணியைச் சரிசெய்துகொண்டு அடுத்ததில் ஏறினேன்.

அதிலும் சோதனை காத்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "மணி இன்னா ஆவுதும்மா?" என்று கேட்டார். வெயில் தகட்டில் பட்டுக் கண் கூசியது. கையை மடக்கினேன், திருப்பினேன், முந்தானையால் நிழல் கட்டிப் பார்த்தேன். ரயிலின் ஆட்டத்தில் மூன்றா எட்டா என்று புரியவில்லை. சிங்கப்பெருமாள்கோயில் வந்து, போயும் விட்டது. பூக்காரம்மாவுக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது: "பரவால்ல வுடும்மா, செங்கல்பட்டு வந்தா தெரிஞ்சிடும்."

உப்புத் தண்ணி

அடுத்து அதைத் திருவிடந்தை மூர்த்தியிடம் கொடுத்தேன். படகு வைத்திருப்பவர். வருடத்துக்கு ஒரு வாட்ச்சைக் கடலுக்குக் காவு கொடுத்துவிட்டு எங்களிடம் வருபவர். ஒரு வாரம் கட்டிக்கொண்டு கடலுக்குப் போங்கள், எது சரியில்லையோ அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். வாரம் முடிந்து வந்தவர் வாட்ச்சைக் கவுண்டரில் வைத்தபோது அதில் மீன் வாடை தவிர வேறு எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் உள்ளே போகவில்லை. தகட்டில் கீறல் இல்லை. "மத்த வாட்ச்செல்லாம் வல இழுக்க சொல்லோ திருகு வலக்கண்ணில மாட்டிக்கும். இது மாட்டவே இல்ல. கைல கீதுன்றதே தெர்ல" என்று அவரே பாராட்டினார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியானால் குறை ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். விடியும் முன் கிளம்பிப் போகிற மனிதர் அவர். வாட்ச் எண்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு இல்லை என்பது எனக்கு அப்போது நினைவில்லை. மூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு, என் மனம் நோகக் கூடாதே என்பது போல மெதுவாகச் சொன்னார்: "வாட்ச்சு சூப்பரா கீது மேடம். மணிதான் தெர்ல."

கிழக்கு பார்த்த மனை

திருப்போரூரில் மனை விற்கும் பாஸ்கர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆளைப் பார்த்ததும் மரியாதை வர வேண்டும் என்று சட்டை, செருப்பு, பேனா எல்லாவற்றையும் யோசித்து வாங்குபவர். வாட்ச்சைக் கட்டிக்கொண்டு கல் நட்ட நிலத்தில் நின்று கையை நீட்டி நீட்டி எல்லை காட்டியிருக்கிறார். மனை பார்க்க வந்த தம்பதி எல்லைக் கல்லைப் பார்க்காமல் கையையே பார்த்திருக்கிறார்கள். இது வெளிநாட்டு வாட்ச்சா என்று கேட்டதற்கு இவரும் ஆமாம் என்பது போலச் சிரித்து வைத்திருக்கிறார். பேரம் ஆரம்பித்ததும் அந்த அம்மா, இவ்வளவு பெரிய வாட்ச் கட்டுகிறவர் எங்களுக்காகக் கொஞ்சம் இறங்கி வந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாராம். கடைசிவரை அந்தப் பிடியை அவர் விடவில்லை. பாஸ்கர் இறங்கித்தான் வந்திருக்கிறார். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நல்ல வாட்ச்தான் மேடம், ஆனா எங்க தொழிலுக்கு ஏழ மாதிரி தெரியற வாட்ச்சு ஒண்ணு காட்டுங்க."

எந்தக் கோளாறு

ஏஜென்ட் கொடுத்த இரண்டாவது வாட்ச் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அதை வாங்கியவர் மாமல்லபுரத்து லோகநாதன் அண்ணன். சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நடை ஓரளவு வந்தது, கை வரவில்லை. மனைவி மல்லிகா அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர், திரும்பும் வழியில் கடைக்குள் வந்தார். பெட்டியில் அதைப் பார்த்ததும், "வண்டியில கிலோமீட்டர் ஓடுமே, அதே மாதிரி கீதும்மா" என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அக்கா உடனே எடுக்கச் சொல்லிவிட்டார். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு விற்றேன். இடது கையில் நானே கட்டிவிட்டேன்.

சில நாளில் திரும்ப வந்தார். காலையில் எழுந்து பார்த்தால் நின்றிருக்கிறதாம். வாங்கி நான் கட்டிப் பார்த்தேன், ஓடியது. திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் வந்தார். இந்த முறை கடை முழுக்கக் கேட்கிற குரலில், "ஓடாத வாட்ச்ச என் தலையில கட்டிட்டியாம்மா?" என்றார். கழற்றுவதற்காகக் கையைக் கேட்டேன். வலது கையால் இடது கையைத் தூக்கி எடுத்து, ஒரு பொருளை வைப்பது போலக் கண்ணாடிமேல் வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கை நாள் முழுக்க மடியில் கிடக்கிறது. அவருக்குப் பின்னால் நின்ற மல்லிகா அக்கா என்னைப் பார்த்து, சொல்லாதே என்று லேசாகத் தலையசைத்தார்.

"வேற பேட்டரி வாட்ச் மாத்தித் தரேண்ணா" என்றேன். "பேட்டரி வாட்ச்சு கட்டாதவனா நானு? இதுல இன்னா ரிப்பேர்னு சொல்லு" என்றார். நான் திருகைத் திருகுவது போல நேரம் கடத்தினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "கோளாறு வாட்ச்சுலயா, கைலயா?" பொய் சொல்ல வாய் வரவில்லை. வாட்ச் நன்றாக இருக்கிறது, கை அசைந்தால்தான் இது ஓடும் என்றேன். வலது கையில் கட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தினமும் திருகினாலே போதும் என்றும் சொன்னேன். அவர் வலது கையால் இடது கையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். "கட்டிவுடு. அதே கைல" என்றார். கட்டிவிட்டேன். இருவரும் போன பிறகு தேவி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 

மாதம் முடிகிற சமயத்தில் மல்லிகா அக்கா மட்டும் தனியாக வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பையை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டார். டாக்டர் சொன்ன கைப் பயிற்சிக்கு இத்தனை நாள் கையைத் தொடவே விடாத அண்ணன், இப்போது காலையிலும் சாயங்காலமும் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, வலது கையால் இடது கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கிறாராம். வேன் ஸ்டாண்டில் இருப்பவர்கள் பார்க்க வந்தால்கூட நிறுத்துவதில்லையாம். இப்போது தோள் தானாகவே கொஞ்சம் தூக்குகிறதாம். "டம்ளர் புடிக்க இன்னும் வர்லம்மா, பொய் சொல்லக் கூடாது" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்: "இன்னிக்கு விடிகாலைல என்ன ஒலுக்கி எழுப்பி, 'மல்லிகா, ஓடிகினு கீதுடி'ன்னாரு."

தீர்ப்பு

முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். வெயிலில் மணி தெரியாது. இருட்டில் சுத்தமாகத் தெரியாது. கழற்றி வைத்தால் நின்றுவிடும், நின்றதும் தெரியாது. "அப்ப வேணாம்ன்ற" என்றார். இல்லை, இறக்கலாம் என்றேன். மணி தெரியவில்லை என்ற மூர்த்தி அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்து விலை கேட்டுவிட்டார். பாஸ்கரின் மைத்துனர் கடைக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். குறை சொன்ன பிறகும் ஒரு பொருளைக் கேட்டு ஆள் வருகிறது என்றால் அது விற்கும். லோகநாதன் அண்ணன் விஷயத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதை வைத்து ஸ்டாக் எடுக்க முடியாது.

முதலாளி வெகுநேரம் மோவாயைத் தடவினார். பிறகு ஏஜென்டுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். நாங்கள் ஐந்து பேரும் வேலையைப் பார்ப்பது போலக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஏஜென்ட் உற்சாகமாகத்தான் பேசினார்: "அய்யோ, அந்த மாடல் நின்னுடுச்சு சார். மணி தெரியலன்னு எல்லாரும் சொன்னாங்களாம், புதுசுல முள்ளு வச்சிட்டாங்க!"

ஒரு பொருள் நல்லதுதான் என்று நாம் முடிவுக்கு வருவதற்குள் அந்தப் பொருளே வராமல் போய்விடுகிறது, கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற நமக்கெல்லாம் முகம் மாறாமல் "வேற டிசைன் பாக்கறீங்களா" என்று கேட்பதுதான் கடைசியில் மிஞ்சுகிற அனுபவம்.