வலது பக்கம் மேலே

எங்கள் முதலாளியின் மனைவி இன்றைக்கும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, வாரம் தவறாமல் சேலைக்கடைக்குப் போய் வருகிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் அவரைப் பாடையில் ஏற்றப் பார்த்தேன் என்று தாராபுரம் வரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொண்டு, அதைத் தையல் ஹாலில் இருப்பவர்களுக்குப் புரிய வைத்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் வேலை. கணவர் இறந்தபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அப்போது செக்கிங் டேபிளில் நின்று பீஸ் பார்க்க ஆரம்பித்தவள், படிப்படியாக ஏசி அறைக்கு வந்து சேர்ந்தேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

செக்கிங்கில் சேர்ந்தவுடன் மண்டையில் ஏற்றுகிற பாடம் பட்டன் பட்டி. கழுத்துக்குக் கீழே பட்டன் வைத்துத் திறக்கிற பட்டி. ஆண்கள் பீஸ் என்றால் இடது பக்கம் மேலே வர வேண்டும். பெண்கள் பீஸ் என்றால் வலது பக்கம் மேலே. மாறிப்போனால் துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ரிஜெக்ட்தான். எதிரே ஆள் வந்தால் முகத்தைப் பார்க்கும் முன்பே பட்டியைப் பார்க்கிற ஜென்மமாக நான் ஆகிவிட்டேன். கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட முன்னால் நிற்கிறவரின் தையல்தான் கண்ணில் படும்.

மகளுக்கு வரன் பேசியது முதலாளி மனைவிதான். அவருடைய அண்ணன் மகன், தாராபுரத்தில் தோப்பும் கடைவீதியில் இரும்புக்கடையும் உள்ள குடும்பம். கம்பெனி ஆயுத பூஜைக்கு வந்தபோது என் மகளைப் பார்த்திருக்கிறான். பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்பே இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மகள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் துணி காய்ந்த பிறகுதான் இறங்கி வருவாள். கோடை கழிந்து வருகிற தை மாதம் நிச்சயம் என்று வாய்வார்த்தையாக முடிந்திருந்தது. "அப்பன் இல்லாத புள்ளைனு நாங்க பாக்கறதில்ல அம்மணி," என்று முதலாளி மனைவி அடிக்கடி சொல்வார். பார்க்காதவர் அதை ஏன் அடிக்கடி சொல்ல வேண்டும் என்று நான் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் ஜப்பான்காரர்கள் ஒரு புது ஆர்டருக்காகக் கூப்பிட்டார்கள். முதலாளி போனார், பேச்சுக்கு என்னைக் கூட்டிப்போனார், ஊர் பார்க்க மனைவியையும் கூட்டிப்போனார். மீட்டிங் நன்றாகவே முடிந்தது. மிச்சமிருந்த ஒரு நாளில் கியோட்டோ போனோம்.

அங்கே ஊர் சுற்ற வருகிறவர்கள் கிமோனோவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் படம் எடுக்கிறார்கள். முதலாளி மனைவி இதை எங்கோ போனில் பார்த்து வைத்திருந்தார். கடைக்குள் நுழைந்தால் நம் ஊர் தீபாவளிக் கூட்டம். முதலாளி, "எனக்கு வேட்டி போதும்," என்று சொல்லிவிட்டு ஹேண்ட்பேக் தூக்க ஒத்துக்கொண்டார். கோடை என்பதால் மெல்லிய பருத்தியில் ஒரே சுற்றாகச் சுற்றி, இடுப்பில் அகலமான பட்டையைக் கட்டுகிற வகையைக் காட்டினார்கள். நல்ல நெசவு. நான் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்ததைக் கடைப்பெண் விநோதமாகப் பார்த்தாள்.

முதலாளி மனைவி குங்குமச் சிவப்பில் ஒன்றை எடுத்தார். நான் சாம்பல் நிறத்தில் கை வைத்தேன்.

"அட, நல்ல கலரா எடு அம்மணி. இங்க யாரு நம்மளப் பாக்கப் போறா?"

மஞ்சள் பூப்போட்டதை எடுத்தேன். கணவர் போன பிறகு என் உடம்பில் பூ ஏறியது அன்றைக்குத்தான். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு என்னையே பிடித்திருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. கடைப்பெண் எங்கள் இருவருக்குமே இடது பக்கத்தை மேலே போட்டுச் சுற்றியிருந்தாள். ஆண்களுக்குப் போடுகிற மாதிரி. கூட்டத்தில் அவள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். தெருவில் இறங்கினால் எதிரே வந்த அத்தனை பெண்களுக்கும் இடது பக்கம்தான் மேலே. வேறு யாராக இருந்தாலும் இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று விட்டிருப்பார்கள். நானோ, எல்லோரும் ஒரே மாதிரி வாடகைக் கடையில் எடுத்தவர்கள், எல்லோருக்கும் ஒரே தப்பு என்று முடிவுகட்டினேன். ஒரு லாட் முழுக்கத் தப்பாகவே வருவது எங்கள் ஊரில் என்ன புதிதா?

மதியம் நூடுல்ஸ் சாப்பிட்டு எழுந்ததும் முதலாளி மனைவிக்கு மூச்சு முட்டியது.

"வயித்த இறுக்கிப் புடிக்குது அம்மணி. வா, கொஞ்சம் அவுத்துக் கட்டி உடு."

உணவகத்துப் பாத்ரூமில் பட்டையை அவிழ்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டார். திரும்பச் சுற்றும்போது கை தானாகவே சரியான வழிக்குப் போனது. பெண்களுக்கு வலது பக்கம் மேலே. மடிப்பை நீவி, பட்டையைத் தளர்வாகக் கட்டினேன். கடைப்பெண் கட்டியதைவிட நேர்த்தியாக இருந்தது. "இதுதான் கரெக்டுங்க அக்கா," என்றேன். என்னுடையதையும் மாற்றிவிடலாம் என்று பட்டையில் கை வைத்தபோது வெளியே முதலாளி கதவைத் தட்டினார். என்னை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு கோயில் படிக்கட்டில், மூங்கில் தோப்பில், சிவப்புக் குடைக்குக் கீழே என்று ஓயாமல் படம். அவர் முன்னால், நான் அரை அடி பின்னால். முதலாளி எடுத்து எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுக்கொண்டே வந்தார். ஊரிலிருந்து கைதட்டல்களும் இதயங்களும் வந்து விழுந்தன. பையனின் அம்மா, தாராபுரம் அண்ணி, 'மகாலட்சுமி மாதிரி இருக்கீங்க' என்று எழுதியிருந்தார். அதை முதலாளி மனைவி என்னிடம் படித்துக் காட்டினார்.

படிக்கட்டில் ஓர் அம்மாள் எங்களை நிறுத்தினார். வயதானவர், கையில் காய்கறிப் பை. முதலாளி மனைவியைப் பார்த்துக் குனிந்து குனிந்து வணங்கினார். பிறகு தன் மார்பைத் தொட்டு, அவருடைய மார்பைக் காட்டி, கையைக் குறுக்காக மாற்றி மாற்றி வைத்து என்னவோ சொன்னார். முகத்தில் அப்படி ஒரு சங்கடம்.

"கொடியக் கேக்கறாங்க போல," என்று முதலாளி மனைவி கழுத்துக்குள் கைவிட்டுத் தாலிக்கொடியை வெளியே எடுத்து விரித்துக் காட்டினார். "கோல்டு, கோல்டு."

அந்த அம்மாள் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு தரம் குனிந்துவிட்டுப் போய்விட்டார். அவரோடும் ஒரு படம் இருக்கிறது.

சாயங்காலம் உடையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். காலையில் கட்டிவிட்ட அதே பெண். முதலாளி மனைவியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிவந்து அவரை ஓரமாகத் திருப்பி நிறுத்தி, தன் உடம்பால் மற்றவர்களிடமிருந்து மறைத்தாள். என்ன என்று கேட்டோம். சொல்லத் தெரியாமல் போனை எடுத்து அதில் பேசினாள். மொழிபெயர்க்க வேண்டிய மொழியாக நான் தமிழைத் தட்டிக் கொடுத்தேன். போன் உயிரில்லாத குரலில் சொன்னது: "மன்னிக்கவும். வலது பக்கம் மேலே வருவது இறந்தவர்களின் உடலுக்கு மட்டும்."

முதலாளிதான் முதலில் சிரித்தார். "அட, உசுரோட பொணமாச் சுத்தியிருக்கற நீ." அவர் மனைவியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அவர் கண் என் முகத்துக்கு வரவில்லை. கழுத்துக்குக் கீழே நின்றது. அங்கே இடது பக்கம் மேலே இருந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கட்டுகிற மாதிரி, மஞ்சள் பூவோடு.

அதற்குப் பிறகு விமானத்தில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஊருக்கு வந்ததும் அவருக்குக் காய்ச்சல் அடித்தது. ஊர் மாறி ஊர் போனால் யாருக்கும் அடிக்கிற காய்ச்சல். அதற்கு மாத்திரை போட்டார்கள், மந்திரித்தார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். காய்ச்சல் போய்விட்டது, பேச்சு போகவில்லை. ஒரு நாள் முதலாளி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முதலாளி துணி சாம்பிள் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார். மனைவி எதிர் நாற்காலியில்.

"உட்காருங்க," என்றார் மனைவி. இத்தனை வருடத்தில் அவர் என்னை வாங்க போங்க என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலீங்க. அண்ணன் ஊட்லதான் யோசிக்கறாங்க. நல்ல காரியம் பேசற நேரத்துல இப்பிடி ஆயிருச்சுன்னு."

"தெரியாமப் பண்ணுனதுங்க அக்கா. நம்ம லேடீஸ் பீஸ்ல வலதுதானுங்களே மேல வரும்? அந்தப் பழக்கத்துல கட்டிட்டேனுங்க. இங்க உக்காந்திருக்கற அண்ணாவையே கேளுங்க."

முதலாளிக்கு அது தெரியும். திருப்பூரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அந்த ஷிப்மென்ட் எப்பப் போகுது?" என்று கேட்டார்.

"பழக்கம்னா உங்களுதும் அப்பிடித்தானுங்களே இருந்திருக்கோணும்?" என்றார் மனைவி. "உங்களுது மட்டும் சரியாக் கட்டியிருந்துதுங்களே. எனக்குக் குங்குமம் நெலைக்கோணும்னு நானே அவ்வளவு செவப்பா எடுத்தேன். கட்டி உட்ட கை இருக்குதுல்லங்க. அது என்ன கைனு நான் யோசிச்சிருக்கோணும். தப்பு என்னுதுதானுங்க."

எவ்வளவு மரியாதை, எத்தனை 'ங்க'. அழுதுகொண்டே காலில் விழுந்திருந்தால் ஒருவேளை மனது மாறியிருப்பார். நானோ எழுந்து நின்று, "அந்தக் கை அவ்வளவு ராசின்னா நீங்க இந்நேரம் போயிருக்கோணுமுங்களே அக்கா," என்றேன்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. ஜப்பான்காரர்களிடம் பேச ஆள் வேண்டுமே.

தாராபுரத்துப் பையன் மகளின் போனை எடுப்பதை நிறுத்தினான். இரும்புக்கடை வைத்திருக்கிறவனுக்கு முதுகெலும்பும் இரும்பாக இருக்கும் என்று நினைத்தது என் மகளின் முட்டாள்தனம். அவள் மாடிக்குப் போவதை விட்டுவிட்டாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பட்டன் பட்டி, பாத்ரூம், முதலாளியின் ஊமை வாய், எல்லாம். என் பக்கம் நிற்பாள் என்று நம்பினேன். பொறியியல் படித்தவள், இந்த ராசி பேச்சையெல்லாம் கேலி செய்கிறவள். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்.

"நீ எதுக்கும்மா தொட்டே?"

"அவங்கதான் அவுத்துக் கட்டச் சொன்னாங்க கண்ணு."

"சொன்னா? உனக்குத் தெரியாதா? நீ தொட்டிருக்கக் கூடாதும்மா."

எழுந்து போய்க் கையைக் கழுவினாள். முதலாளி மனைவி அத்தனை 'ங்க' போட்டுச் சொன்னதும் இதைத்தான்.

அந்த ஜப்பான் ஆர்டர் கிடைத்தது. பெண்கள் வீட்டில் போட்டுக்கொள்கிற மேலங்கி, பின்னலாடைத் துணியில், முன்பக்கம் குறுக்காகச் சுற்றிக் கட்டுகிற மாதிரி. இடது பக்கம் மேலே. செக்கிங் டேபிளில் புதிதாகச் சேர்ந்த ஒரு திருநெல்வேலிப் பெண், "அக்கா, இது லேடீஸ் பீஸ்லா? வலதுலா மேல வரணும்?" என்று கேட்டாள். "இதுக்கு இப்படித்தான், பேசாம பாரு," என்றேன்.

அடுத்த வரன் குண்டடம் பக்கத்திலிருந்து வந்தது. பெண் பார்க்க வருகிற அன்று காலையில் என் தங்கை வந்திருந்தாள். மகளுக்கு வயதுக்கு வந்த சீரிலிருந்து கல்லூரி விழா வரைக்கும் சேலை கட்டிவிட்டவள் நான்தான். கொசுவம் வைத்தால் அளவுகோல் வைத்த மாதிரி விழும். மாம்பழக் கலர் பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். மகள் கதவருகில் வந்து சேலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சித்தி கட்டட்டும்மா. நீ ஹால்ல இரு."

குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். தங்கை என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே சேஃப்டி பின் டப்பா திறக்கும் சத்தமும், "கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க சித்தி" என்ற மகளின் குரலும் கேட்டன. தங்கைக்குச் சேலை கட்டிவிட வராது. அவளுக்குத் தாலி இருக்கிறது, அது போதும்.

மகள் வெளியே வந்தபோது கொசுவம் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, குதிங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. குனிந்து அதைச் சரிசெய்யக் கை நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். வேண்டுமென்று நகரவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கால் தானாகப் போய்விட்டது.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நான் சமையலறைக்குப் போனேன்.